நீதவான் எனக்குக் கை தூக்கிய நாள்

நான் மொன்றியலில் நீதிபதியாக இருந்தவன். தேர்தலில் நின்று, உண்மையான நீதவான் ஒருவரைத் தோற்கடித்து, அந்தக் கதிரையில் ஏறியவன்.

சரி, பொய். இந்த நாட்டில் நீதிபதிகளை அரசாங்கம்தான் நியமிக்கிறது. கை தூக்கி ஒருவரையும் நீதிபதி ஆக்க முடியாது. அதுவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட என்னை. நான் இருந்தது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இணக்க சபைத் தலைவராக, ஒரே ஒரு கிழமை. ஏறிய கதிரை மடக்குக் கதிரை. ஆனால் நீதவானைத் தோற்கடித்தது மட்டும் உண்மை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை வருடமாகியும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகர நடுவில் ஓர் உணவகத்துச் சமையலறையில் நான் மரக்கறி வெட்டினேன், அவர் கோப்பை கழுவினார். ஊரில் நீதிமன்ற எழுதுவினைஞராகத் தொடங்கி, வேலை செய்துகொண்டே படித்துச் சட்டத்தரணியாகி, பிறகு பதினாறு வருடம் நீதவானாக இருந்தவர். போரில் ஷெல் விழுந்து நீதிமன்றத்துக்குக் கூரை இல்லாமல் போனபிறகும், பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் மேசை போட்டு வழக்குக் கேட்டவராம். அவருடைய ஊர்க்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாய் திறக்கமாட்டார். ஏப்ரனுக்குள்ளே தினமும் அயன் பண்ணிய வெள்ளைச் சேர்ட் போடுவார், அவ்வளவுதான்.

அவருக்குக் கோப்பை கழுவப் பழக்கியவன் நான். அதை எத்தனை பேருக்குச் சொல்லிப் பெருமையடித்தேன் என்று கணக்கில்லை. எண்ணெய்ச் சட்டிகள் குவிந்தால், "ஐயா, வழக்குகள் கனக்க நிலுவையில கிடக்கு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவரே சிரிக்கிறபடியால் அது குற்றமில்லை என்று எனக்கு நானே விடுதலை கொடுத்துக்கொண்டேன்.

அந்த நாளில் ஓர் அப்பார்ட்மென்டில் மூன்று குடும்பம் இருக்கும். குளியலறைக்குச் சண்டை, கருவாடு பொரித்ததற்குச் சண்டை. யாராவது பொலிசைக் கூப்பிடுவார்கள். பொலிஸ் பிரெஞ்சில் கேட்க, எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "வி, வி", ஓம் ஓம் என்று தலையாட்ட, ஒன்றும் செய்யாதவன் பொலிஸ் காரில் ஏறுவான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பிணக்குகளைக் கேட்க ஓர் இணக்க சபை வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

தெரிவுக்கு முதல்நாள் அவர் என்னிடம் வந்து, இனி ஞாயிறுகளில் தன்னுடைய வேலையையும் நான் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"பெரிய வேலை ஒண்டுமில்லைத் தம்பி. திரும்ப ஒருக்கா, ஆக்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம்."

அவர் தனக்காக வாய் திறந்து ஒன்று ஆசைப்பட்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம். பெரியவர் ஒருவரை முன்மொழிவார்கள், வழிமொழிவார்கள், உடனே கை தட்டி முடித்துவிடுவார்கள். யாராவது பகிடிக்கு இன்னொரு பெயரைச் சொன்னால், அந்த ஆள் எழும்பி "நான் விலகிறன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபம். அவரை முன்மொழிந்ததும், என்னோடு ஒரே வாடகை அறையில் இருந்த ஒருவன் பகிடிக்கு என் பெயரைச் சொன்னான். பக்கத்தில் இருந்தவன் வழிமொழிந்தான். நான் எழும்பினேன். இரண்டே சொல் சொல்ல வேண்டும். ஆனால் ஐம்பது முகங்கள் சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தால் என் வாய் எனக்கு அடங்காது. மூக்குக் கண்ணாடியை இறக்குவதுபோல விரலை வைத்துக்கொண்டு, அவருடைய குரலில், "இந்தச் சட்டியைக் கூண்டில ஏத்துங்கோ. அடிப்பிடிச்ச குற்றம் நிரூபணம். மூண்டு தரம் கழுவும்படி தீர்ப்பளிக்கிறேன்" என்றேன்.

மண்டபம் உருண்டு புரண்டு சிரித்தது. "உவனையே போடுங்கோ" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கூட்டத்தை நடத்தியவர் வேறு வழியில்லாமல் கை தூக்கச் சொன்னார்.

தனக்குத் தானே கை தூக்கக் கூடாது, எதிரே நிற்பவருக்குத்தான் தூக்க வேண்டும். அதுவும் வழக்கம். முன்வரிசையில் இருந்த அவர் எனக்குக் கை தூக்கினார். நேராக, எண்ணி முடியும்வரை இறக்காமல். நானும் எனக்குத்தான் தூக்கியிருந்தேன். இரண்டு கையையும்.

அடுத்த நாள் சமையலறையில் அவர் சொன்னது இதுதான்: "ஞாயிறு உமக்கு வேணுமெல்லோ தம்பி. உம்மடை வேலையையும் சேத்து நான் பாக்கிறன்."

அப்படித்தான் அந்த ஞாயிறு அவர் என் கத்தியோடும் தன் தொட்டியோடும் நிற்க, நான் மடக்குக் கதிரையில் இருந்தேன். ஓர் இளம் பெண் வந்தாள். அவளுடைய குடிவரவுக் கடிதங்களைக் கணவன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான், அவை இல்லாமல் பிரெஞ்சு வகுப்பில் சேர முடியவில்லை, வாங்கித் தர வேண்டும். கணவன் பக்கத்திலேயே இருந்தான். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எனக்கு வருவது பகிடி ஒன்றுதான்.

"தங்கச்சி, பிரெஞ்சு படிச்சா பேந்து மனுசனை எந்தப் பாஷையில ஏசுவீர்?"

கணவன்தான் பெரிதாகச் சிரித்தான். அவள் கோட்டைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

திங்கட்கிழமை இதையும் ஒரு பகிடியாகச் சமையலறையில் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"அந்தப் பிள்ளையைச் சொல்லி முடிக்க விட்டனீரோ?"

நான் கத்தியை எடுத்து மரக்கறியை வெட்டத் தொடங்கினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, முதலாளி பார்த்துக்கொண்டு நிற்க, மெத்ரோ ரயிலுக்கு நடந்தார். கூட வரவா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு மணித்தியாலத்தில் வந்து மிச்சச் சட்டிகளைக் கழுவினார். கதவடியில் நின்று மரியாதையாகத்தான் கேட்டாராம், கணவன் கடிதங்களை எடுத்துக் கொடுத்துவிட்டானாம். அதையும் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த ஞாயிறு, சமையலறை மூடியபிறகு கூடிய கூட்டத்தில் நான் பதவி விலகி, அவருடைய பெயரை நானே முன்மொழிந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் எழும்பி, "நான் விலகிறன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். சபையும் அதோடு முடிந்தது.

மறுநாள் தொட்டியடியில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, "ஏன் ஐயா மாட்டன் எண்டனீங்கள்?" அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி,

"இஞ்சாருங்கோ," நான் இதை எழுதிக்கொண்டிருக்க, கீழேயிருந்து மனைவி கூப்பிடுகிறாள். "நீதவான் ஐயா வந்து காரடியில நிக்கிறார். கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டனீங்களாம். குளிருக்குள்ள மனுசனை நிக்க வைக்காதேங்கோ."

வாறன்.