நான்காவது தாழ்ப்பாள்

பூட்டுக்காரர் வீட்டுக் கதவில் நான்கு தாழ்ப்பாள்கள் இருந்தன. திருடன் வந்துவிடுவான் என்று மகள் அஞ்சி அழுதபோதெல்லாம் அவர் ஒன்றைப் பொருத்தினார்; அவர் அறிந்த வைத்தியம் அதுதான். ஒவ்வொன்றும் தந்த நிம்மதி சில நாள்களே தாங்கியது. பிறகு பயம் முன்னைவிட முற்றியது. இப்போது அவள் பள்ளிக்கும் போக மறுத்தாள்.

"நீங்க பயத்துக்குத் தீனி போடுறீங்க," என்றார் மனநல மருத்துவர். "வாரம் ஒண்ணா அவளே கழட்டட்டும். 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லாதீங்க. சொல்லச் சொல்லக் கேட்டுட்டேதான் இருப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் திருப்புளியை எடுத்தாள். முதல் திருகு கழன்று தரையில் உருண்டது.

"அப்பா, யாராச்சும் வந்துட்டா?"

சொல்லக் கூடாதது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பயமா இருக்காம்மா?"

"ரொம்ப."

"எனக்குந்தான்."

"போப்பா! ஊருக்கே பூட்டு போடுறவருக்குப் பயமாம்!" சிரித்தாள், சிரிப்பு உடனே அடங்கியது. மீதித் திருகுகளையும் கழற்றித் தாழ்ப்பாளை அவர் கையில் வைத்தாள்.

"நான் அழுது கேட்டாலும் திரும்ப மாட்டிடாதப்பா."

"சரி" என்று சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.