சுகந்தி துவக்கு வாங்கப் போன கதை

போன மாதம் ஒரு துவக்குக் கடைக்குப் போயிருந்தேன். துவக்கு என்றால் துப்பாக்கி, தமிழகத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வாங்க வந்தது நானல்ல... சுகந்தி.

சுகந்தி என் மனைவியின் பள்ளித் தோழி. இங்கே ஒஸ்லோவில், முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வீடு. அவரும் பதினைந்து வயது மகள் ஆரணியும் மட்டும்தான்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், பட்டப்பகலில், யாரோ அவர்கள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தால் வந்த ஆரணி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்து, அலுமாரிகள் இழுபடும் சத்தத்தைக் கேட்டபடியே இருந்திருக்கிறாள். போனது ஒரு லேப்டாப்பும் இரண்டு காப்பும். காப்பைத் திரும்ப வாங்கலாம். அந்தப் பிள்ளையின் நித்திரையை?

"அண்ணை, நான் துவக்கு வாங்கப் போறன். ஒருக்கா கூட வருவியளோ?" என்று போனில் கேட்டார் சுகந்தி.

"விசர்க் கதை கதைக்காதையும்" என்றேன்.

"நீங்கள் வராட்டில் நான் தனியப் போவன்."

போனேன். ஆரணியும் வந்தாள்.

கடைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர், நிதானமானவர். முதலில் ஓர் இரட்டைக்குழல் துவக்கைக் கொடுத்தார். பாரம். தோளில் வைக்கும் அதன் கட்டை சுகந்தியின் கைக்கு நீளம். அடுத்தது சின்னக் குழல், மெலிந்த கட்டை. சுகந்தி அதைத் தோளில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை... கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"எதை வேட்டையாடப் போகிறீர்கள்? பறவையா, முயலா?" என்றார் கடைக்காரர்.

"கள்ளனை" என்றார் சுகந்தி, நல்ல நொர்வேஜியனில்.

அவர் சிரிக்கவில்லை. துவக்கை மெல்ல வாங்கி, இருந்த இடத்தில் வைத்தார். வீட்டுக் காவலுக்கென்று இந்த நாட்டில் அனுமதி கிடைக்காது என்றார். வேட்டைக்குத்தான் வேண்டுமென்றால் வகுப்பு, பரீட்சை, போலீஸ் அனுமதி. அதற்குப் பிறகும் இரும்பு அலுமாரியில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

"படிப்பன். பரீட்சையும் எழுதுவன்" என்றார் சுகந்தி என்னைப் பார்த்து. எழுதக்கூடியவர்தான். சந்தேகமேயில்லை.

அதுவரை பேசாமல் நின்ற ஆரணி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த நேரம் நீங்கள் வேலையில. வீட்டில நிக்கிறது நான். அப்ப ஆர் சுடுறது? நானோ?"

சுகந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். காரில் வழி முழுக்க அழுதார். நான் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

கட்டிடத்துக்கு முன்னால் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லோருக்கும் பொதுவான வாசற்கதவு. கோடையிலிருந்தே பூட்டு வேலை செய்யவில்லை. யாரும் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். குடியிருப்புச் சங்கத்துக்கு இரண்டு ஈமெயில் போட்டாராம், பதில் இல்லை.

"ஆரணி, ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வா" என்றார்.

அன்று பின்னேரமே நாலு மாடியும் ஏறினார்கள் தாயும் மகளும். எல்லா வீட்டு மணியையும் அடித்தார்கள். பத்து வருடமாகப் படிக்கட்டில் தலையாட்டிய முகங்களுக்கு அன்றுதான் பெயர் தெரிந்ததாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு நொர்வேஜியப் பெண்மணி, பென்ஷனில் இருப்பவர், "நான் எப்போதும் வீட்டில்தான், ஏன் அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை?" என்று ஆரணியைக் கோபித்துக்கொண்டாராம்.

அந்தக் கொப்பியோடு சங்கக் கூட்டத்துக்குப் போனார் சுகந்தி. வசந்தகாலத்தில் பார்க்கலாம் என்றார் தலைவர். சுகந்தி உட்காரவில்லை.

"என்ர பிள்ளை இண்டைக்கும் எழும்பி ஓட வசதியா, காலில சப்பாத்தோட கட்டிலில படுக்குது. அதுக்கு வசந்தம் வருமட்டும் பொறு எண்டு நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றாராம், அவர்கள் மொழியில், குரலை உயர்த்தாமல்.

அந்த வாரமே புதுப் பூட்டு வந்தது. உடைந்து, ஒட்டுப்போட்டிருந்த வீட்டுக் கதவையும் மாற்றியாயிற்று. ஆரணி போன சனிக்கிழமைதான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தாளாம். சுகந்தி எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

நான் இதே ஒஸ்லோவின் இன்னொரு பகுதியான ஹவுகெட்டோவுக்குக் குடிவந்து பதினொரு வருடம். என் எதிர்வீட்டுக்காரரின் பெயர் என்ன?

நேற்றுத்தான் மணியை அடித்துக் கேட்டேன்.