சிவப்பு மருந்தும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

நைனாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. மேனாம்பேட்டில் குடியிருந்தோம். தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அவர் மண் அள்ளினார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஏற்றும் மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பு. "ரோஸ்மில்க்க ஒடம்புல உடுறாங்கபா" என்று பக்கத்துக் கட்டில்காரரைச் சிரிக்க வைப்பார் நைனா. டாக்டர் வடக்கத்தியர், தமிழ் வராது. அவர் கேட்பதற்கெல்லாம் நான்தான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "எம்பொண்ணு. காலேஜு" என்பார் நைனா.

ஐந்தாவது முறை மருந்து ஏற்றும் முன், நடந்தால், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். அவர் முடிப்பதற்குள் "இல்லை டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டார்.

"இன்னா கண்ணு கேட்டாரு?"

"எப்படி கீறேன்னு கேட்டாரு நைனா."

"ஷோக்கா கீறேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

அன்று காலையில்தான் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இரண்டு இடத்தில் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைப் படிப்பது போல நின்றார். அவருக்கு எழுத்தே தெரியாது. வாந்தி எடுத்த சோர்வு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

கட்டி கரைந்துவிட்டது. கம்பெனியில் லட்டு கொடுத்தார். சில மாதங்களில் கால் வீங்கியது. சுவரில் சாய்ந்தால்தான் தூக்கம் என்று ஆனது. இதய டாக்டரிடம் போனோம். நான் ஆங்கிலத்தில் தொடங்கியதால் அவரும் அதிலேயே பேசினார். காகிதத்தில் இதயத் தசையின் ஒரு செல்லை வரைந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே சேமித்து வைத்த கால்சியம் வெளியே வரும், தசை சுருங்கும். கால்சியம் திரும்ப உள்ளே போகும், தசை தளரும். சிவப்பு மருந்து அந்தச் சேமிப்பறையைப் பழுதாக்கிவிடலாம். கால்சியம் வேண்டாத நேரத்தில் கசியும், நேரத்துக்குத் திரும்பாது. இதயம் முழுதாகச் சுருங்கவும் முடியாமல் தளரவும் முடியாமல் களைத்துப் போகும். மருந்து செய்யும் கெடுதல்களில் இதுவும் ஒன்று என்றார். "மூச்சு வாங்கியது முன்பே தெரிந்திருந்தால் அதை நிறுத்தியிருப்பார்களே" என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் நைனா கேட்டார்: "இன்னாவாம்?"

இதயத்தில் கால்சியம் கோளாறு என்றேன். மருந்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"கால்சியம்னா?"

"சுண்ணாம்புல இருக்கும்ல நைனா, அது."

எலும்பு என்று சொல்லியிருக்கலாம். பால் என்று சொல்லியிருக்கலாம். அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப வெத்தலதான் வேலய காட்டிருச்சு. இத்தினி வருசம் சுண்ணாம்பு தடவித் தடவித் துன்னா நெஞ்சு அடைக்காம இன்னா செய்யும்?"

"அப்படியில்ல நைனா" என்றேன். பிறகு எப்படி என்று சொல்லத் தொடங்கினால் மூச்சு வாங்குகிறதா என்று அந்த வடக்கத்தி டாக்டர் கேட்ட கேள்வியில் போய் நிற்க வேண்டும். நிறுத்திக்கொண்டேன்.

அன்றோடு வெற்றிலையை விட்டார். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் அது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மருந்து நல்ல மருந்துபா, கட்டிய கரைச்சிருச்சு. நான்தான் சுண்ணாம்பு துன்னு கெடுத்துகினேன். படிச்ச பொண்ணு, கண்டுபுடிச்சு சொல்லிச்சு" என்பார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஐப்பசி மழையில் இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள், கம்பெனியில் அவரோடு மண் அள்ளிய மாமா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, நானும் சுண்ணாம்ப உட்டுறணுமா? உங்க நைனா சொல்லிகினே இருந்தான். பயமா கீது."

"நைனா நெஞ்ச சுண்ணாம்பு ஒண்ணும் செய்யல மாமா. அந்த மருந்துதான். மூச்சு வாங்குதான்னு டாக்டர் கேட்டாரு. நைனாவ கேக்காமலே நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டவில்லை.

"இத்த அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினார். ஏறவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"சொல்லிருந்தா கடைசில ஒரு வெத்தலயாவது போட்ருப்பான்" என்றார்.