கடல் இல்லாத மாவட்டம்

அருள்மலர் டீச்சரின் முன்பள்ளியில் சோறு பொறுக்க வரும் காகத்துக்கும் தேசியப் பறவை காட்டுக்கோழிதான் என்று தெரிந்திருக்கும். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளும் அதை அவ்வளவு சத்தமாகச் சொல்வார்கள். தேசிய மலர் நீலோற்பலம், தேசிய மரம் நாகமரம், தேசிய விளையாட்டு கரப்பந்து. கொடியில் உள்ள சிங்கத்தை வரையச் சொன்னால் பாதிப் பேர் ஒரு பூனையை வரைந்து அதன் கையில் வாளைக் கொடுப்பார்கள். டீச்சர் அதற்கும் நட்சத்திரம் ஒட்டுவார். "மீசை நல்ல வடிவு" என்பார்.

தேவாலயத்தை ஒட்டிய சிறிய மண்டபத்தில்தான் முன்பள்ளி நடக்கிறது. யன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தெரியும். டீச்சர் பிறந்தது இறக்கக்கண்டியில். கலியாணம் செய்து திருகோணமலை நகரத்துக்கு வந்தவர். அவரிடம் படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நான் அங்கே உதவிக்கு நிற்கிறேன்.

சுவரில் ஓர் இலங்கைப் படம் தொங்குகிறது. அதில் திருகோணமலை இல்லை. "எங்கட ஊர் எங்க?" என்று கேட்டுக் கேட்டு வருடக்கணக்காகப் பிள்ளைகள் விரல் வைத்ததில் அந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. புதுப்படம் வாங்குவோமா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம். வெள்ளையாக் கிடக்கிறதுதான் எங்கட ஊர் எண்டு பிள்ளையளுக்குத் தெரியும்" என்றார்.

இந்த வருடப் பெற்றோர் தினத்துக்குப் பிள்ளைகளை வைத்தே இலங்கைப் படம் செய்வதென்று அவர் முடிவெடுத்தார். முற்றத்தில் சுண்ணாம்பால் தீவைக் கீறி, ஆளுக்கொரு மாவட்டமாக நிறுத்துவது. மாவட்டம் இருபத்தைந்து; பிள்ளை போதாத மூன்றுக்கும் பூச்சாடி. சண்டை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கினோம்.

திருகோணமலை றொஷானுக்கு விழுந்தது. அவன் துள்ளிய துள்ளலில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று உருண்டது. நுவரெலியா பஸ்மியாவுக்கு. அவள் படத்தருகே போய், டீச்சர் காட்டிய இடத்தைச் சுற்றி விரலால் தேடினாள்.

"டீச்சர், இதுக்குக் கடல் எங்க?"

"அங்க கடல் இல்ல மகள். மலைதான்."

பஸ்மியாவின் வாப்பா அஸீம் மீன்பிடிப் படகில் போகிறவர். கடல் இல்லாத ஓர் ஊரை அவள் அதுவரை நினைத்தும் பார்த்ததில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப மீன்?"

"லொறியில வரும்."

"நாறிப் போயிரும்!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. றொஷான் அவள் தலையைத் தடவி, "கடலில்லாத ஊர், பாவம்" என்றான். அதோடு வந்தது வினை. பஸ்மியா சீட்டை டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு ஏலாது" என்றாள்.

கடலில்லாத மற்ற மாவட்டங்களை டீச்சர் ஏற்கெனவே சமாளித்திருந்தார். கண்டிக்குப் பெரஹரா ஊர்வல யானை, இரத்தினபுரிக்கு நீலக்கல், அநுராதபுரத்துக்குக் குளம். நுவரெலியாவுக்கு என்ன சொல்வது?

"நல்ல குளிர் மகள். ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி."

"எனக்குத் தடிமன் வரும்."

"தேயிலைத் தோட்டம் இருக்கு."

"நான் பால்தான் குடிக்கிற." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "நீங்க அங்க போயிருக்கீங்களா?"

டீச்சர் மடுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். கண் காட்டக் கொழும்புக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

"இல்ல மகள்."

"பிறகென்னண்டு கடலில்ல எண்டு தெரியும்?"

"படத்தில பார் பிள்ளை."

"படத்தில எங்கட ஊரும்தான் இல்ல."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் விழாவுக்கு முதல் நாளும் பஸ்மியா அசையவில்லை. அவளுடைய உம்மா ஜெஸ்மின் வந்து, "டீச்சர், நாளைக்கு வரவே மாட்டாவாம். வேற ஆரையும் போடுங்களன்" என்றார். போடுவதற்கு வேறு பிள்ளை இல்லை. இன்னொரு பூச்சாடி வைக்கலாம் என்று நான் சொன்னேன்.

"பூச்சாடியோ? பிள்ளையை வீட்டில அழ விட்டிட்டுப் படம் செய்து நான் ஆருக்குக் காட்ட?" என்றார் டீச்சர். அவர் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

முற்றத்தில் அவருடைய கணவர் வின்சன்ட் சுண்ணாம்பு வாளியோடு நின்றார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர். தீவைக் கீறி முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் திருகோணமலைத் துறைமுகம் மட்டும் யாழ்ப்பாணக் குடாநாடு அளவுக்கு இருந்தது.

"இதென்னப்பா? தீவில பாதி திருகோணமலையோ?"

"எனக்குத் தெரிஞ்ச இடத்தைத்தான் வடிவாக் கீறலாம். மிச்சத்தை நீ பார்."

டீச்சர் தீவின் நடுவே நின்று மேலும் கீழும் பார்த்தார். நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நுவரெலியா. வின்சன்ட் அகலமாகக் கீறிவைத்த துறைமுகம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. டீச்சர் திடீரென்று, வகுப்பில் ஒப்புவிப்பதுபோலவே, "மகாவலி கங்கை மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகிக் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு காலமாச் சொல்லுறன். பாடமாக்கினதே தவிர, ஒருநாளும் யோசிக்கேல்ல. அது எங்கட கடல்தானே!"

உம்மாவின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்ற பஸ்மியாவைக் கூப்பிட்டு, நுவரெலியாவில் நிறுத்தினார். ஒரு கோலால் அவள் காலடியிலிருந்து மண்ணில் கோடு இழுத்தார். கண்டிக்குப் போய், வளைந்து, பொலநறுவையைத் தொட்டு, கோடு மூதூர்ப் பக்கமாகக் கடலில் விழுந்தது.

"இது ஆறு. உன்ர ஊர் மலையில பெய்யிற மழைதான் இவ்வளவு தூரம் நடந்து வந்து எங்கட கடலில விழுது."

பஸ்மியா நம்பவில்லை. அந்த நேரம் அவர்களைக் கூட்டிப்போக அஸீம் வந்து சேர்ந்தார். "வாப்பா, நுவரெலியாத் தண்ணி எங்கட கடலுக்கு வருமா?"

"ஓம் மகள். மாரி மழைக்கு மூதூர்ப் பக்கம் பார்க்கோணும். கடலே தேத்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கும்."

"தேத்தண்ணி மாதிரியா?" பஸ்மியாவின் கண் விரிந்தது. "அப்ப அது தேயிலைத் தோட்டத்துத் தண்ணிதான்!"

யாரும் அதைத் திருத்தவில்லை. மேசையிலிருந்து தன் சீட்டை எடுத்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போனாள்.

விழாவன்று டீச்சர் தன் நீலச் சாறியைக் கொண்டுவந்தார். அதுதான் மகாவலி. கொடி ஏற்றினோம். நான் தமிழிலும் சிங்களத்திலும் மாவட்டங்களின் பெயரைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியில் பஸ்மியா. கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், தடிமனுக்கு முற்காப்பு. சாறியின் ஒரு தலைப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறு தலைப்பைக் கண்டியாக நின்ற அர்ஷாக்கிடம் கொடுத்தாள். அவன் டிலக்ஷியிடம் கொடுத்தான். பொலநறுவையான டிலக்ஷி நீட்ட, றொஷான் பிடித்து இழுத்தான். சாறி வரவில்லை. பஸ்மியா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விடு பஸ்மியா! தண்ணி வரட்டும்!"

"கடலில்லாத ஊர் பாவமா?"

டீச்சர் எழும்பப் போனார். வின்சன்ட் அவர் முந்தானையைப் பிடித்து இருத்தினார். றொஷான் தன் பெரிய துறைமுகத்தின் நடுவே தனியாக நின்று நாலு பக்கமும் பார்த்தான்.

"இல்ல."

"பிறகு?"

"பாவமில்ல. தாவன் பஸ்மியா."

அவள் கையைத் தளர்த்தினாள். நீலச் சாறி சரசரவென்று மண்ணில் ஓடிக் கடலில் விழுந்தது. அஸீம்தான் முதலில் கை தட்டினார். அதன்பிறகு நான் சொன்னது ஒன்றும் எந்த மொழியிலும் யாருக்கும் கேட்கவில்லை.

பற்றிஸ் பலகாரத் தட்டு வந்ததும் இலங்கை கலைந்தது. வடக்கும் தெற்கும் முட்டி மோதிக்கொண்டு ஓடின. முற்றத்தில் மூன்று பூச்சாடிகளும் நுவரெலியாவும் மட்டும் மிஞ்சின.

"வா மகள், சாப்பிட. முடிஞ்சுது" என்றார் டீச்சர்.

"ஏலாது டீச்சர். நான் வந்தா ஆத்துத் தண்ணி நிண்டிரும்."

டீச்சர் இரண்டு பற்றிஸைத் தட்டில் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டி, அவள் பக்கத்தில் போய் மண்ணில் இருந்தார். அருள்மலர் டீச்சர் நுவரெலியாவுக்குப் போனது அன்றைக்குத்தான். குளிராகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்து எங்களுக்குக் கை காட்டினார்.