எஞ்சினியர் பொன்சியானோ அவித்த முட்டைகள்

ஒலோங்காப்போ சந்தையில் பொன்சியானோ அப்லாசாவை எல்லோரும் எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மணிலாவுக்கு மின்பொறியியல் படிக்கப் போனவர், பாதியிலேயே திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டால், வாத்தியார்களுக்குத் தன்மேல் பொறாமை என்பார். மனைவி ஹாங்காங்கில் யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர் இங்கே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, இடுப்பில் மின்சாரம் அளக்கும் ஒரு மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடை கடையாக அறிவுரை வழங்கித் திரிந்தார். மீட்டரின் ஒயர்களில் ஒன்று அறுந்தே கிடந்தது. அதைக்கூட ஒட்டவைக்கத் தெரியாத எஞ்சினியர்.

என் கடையில் பழைய மின்சாமான்கள் விற்றேன். ஊரை ஒட்டியிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் மூடியபோது வெளியே வந்தவை. எல்லாம் நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தவை. எங்கள் வீடுகளில் ஓடுவதோ இருநூற்றிருபது. நேராகச் செருகினால் புகைந்துவிடும். அதனால் டிரான்ஸ்பார்மர் சேர்த்துத்தான் விற்பேன். எஞ்சினியருக்கு அது பொறுக்காது.

ஒரு நாள் வெவென்சியா வந்தாள். குஞ்சு பாதி உருவானதும் வாத்து முட்டையை அவித்து விற்பது அவள் பிழைப்பு. அடைவைக்கும் மரப்பெட்டிக்கு அடியில் வைக்க வெப்பத்தட்டு கேட்டாள். அன்று என்னிடம் இருந்தவை முன்னூறு வாட் தட்டு ஒன்று, நூறு வாட் தட்டு ஒன்று. டிரான்ஸ்பார்மரை எடுக்கக் குனிந்தேன். எஞ்சினியர் வந்து நின்றார்.

"டிரான்ஸ்பார்மர் எதுக்கு வெவென்சியா? இவ வியாபாரத்துக்குச் சொல்றா. ரெண்டு தட்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்துடு. நூத்திப்பத்தும் நூத்திப்பத்தும் இருநூத்திருபது. முடிஞ்சுது கதை."

"ரெண்டும் ஒரே வாட்டா இருந்தா சரி," என்றேன். "இது வேற, அது வேற. வோல்ட் பாதிப் பாதியாப் பிரியாது."

"பெரிய தட்டுக்குத் தடை ஜாஸ்தி, சின்னதுக்குக் கம்மி. அதது பங்கை அதது எடுத்துக்கும். நான் படிச்சவன், தங்கச்சி."

"தலைகீழாப் படிச்சிருக்கீங்க."

சாக்கட்டியை எடுத்து மேசைமேல் எழுதினேன். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை வந்துவிடும், பள்ளிக்கூடப் பாடம். நூற்றுப்பத்தை நூற்றுப்பத்தால் பெருக்கினால் பன்னிரண்டாயிரத்து நூறு. முன்னூறால் வகுத்தால் சுமார் நாற்பது ஓம். நூறால் வகுத்தால் நூற்றிருபத்தொன்று. வாட் குறைந்த தட்டுக்குத்தான் மூன்று மடங்கு தடை. வரிசையாகக் கோத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். அப்போது தடைக்கு ஏற்றபடி வோல்ட் பிரியும். சின்னதுக்கு நூற்றறுபத்தைந்து, பெரியதுக்கு வெறும் ஐம்பத்தைந்து.

"சின்னது ரெண்டு மடங்குக்கு மேல கொதிக்கும்," என்றேன். "பெருசுல கால்வாசிச் சூடுதான் வரும். அவ்வளவு பெரிய தட்டுல அது பரவினா காய்ச்சல்காரன் நெத்தி அளவுக்குக்கூடச் சுடாது."

அவர் மேசையைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"பொம்பளை கணக்கு மேசையில நல்லாத்தான் ஓடும். கரண்டு ஒயர்ல ஓடுது."

மீன்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டை எதைச் சொன்னாலும் சிரிக்கிற கூட்டம் அது. வெவென்சியா என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அவரே கூடப் போய் ஒயர் கோத்துக் கொடுத்தார். பெரிய தட்டில் சூடு அதிகம் வரும் என்று முட்டைகளில் பெரும்பாலானவற்றை அதன் மேலேயே அடுக்கவும் வைத்தார்.

மறுநாள் காலை வெவென்சியா மடி நிறைய முட்டையோடு சந்தைக்குள் வந்தாள். நேராக அவர் உட்கார்ந்திருந்த காபிக் கடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"எஞ்சினியரே, கையை நீட்டுங்க." ஒரு முட்டையை வைத்தாள். "இது பெரிய தட்டு மேல இருந்தது. ஆத்துக் கல்லு மாதிரி சில்லுனு இருக்கா? உள்ள இருந்த குஞ்செல்லாம் போச்சு." இன்னொன்றை வைத்தாள். "இது சின்னது மேல இருந்தது. உடைச்சுப் பாருங்க."

உடைத்தார். வெள்ளை கெட்டியாக வெந்திருந்தது.

"கோளாறு முட்டையில," என்றார் அவர், கண்கூடச் சிமிட்டாமல். "உன் வாத்துக்கு என்ன தீனி போடுற?"

"ஒரே வாத்து ஒரு பக்கம் வெந்த முட்டையும் ஒரு பக்கம் செத்த முட்டையும் போடுமா?"

"தீனி சரியில்லன்னா எதுவும் நடக்கும்."

சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதைப் பார்த்த தைரியத்தில் அவர் அந்த முட்டையின் ஓட்டை முழுதாக உரித்தார், காபிக் கடைக்காரரிடம் உப்பு வாங்கித் தூவினார், அவள் கண்ணெதிரிலேயே தின்றார்.

"நல்லாத்தான் வெந்திருக்கு," என்றார்.

வெவென்சியா மிச்ச முட்டைகளை அவர் மேசையிலேயே கொட்டிவிட்டு என் கடைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அழவில்லை.

"அந்தக் கணக்கை இன்னொரு தரம் சொல்லு, டோராய்."

சொன்னேன். மெதுவாகக் கேட்டாள். பிறகு அவளே முடித்தாள்: "அப்ப ரெண்டும் ஒரே வாட்னா, ரெண்டுக்கும் ஒரே தடை. வோல்ட்டும் சமமாப் பிரியும்."

"அவ்வளவுதான்."

ஆள் விட்டு இன்னொரு நூறு வாட் தட்டு தேடிக் கொடுத்தேன். அடுத்த அடை குறையில்லாமல் வந்தது. எஞ்சினியர் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "ஜோடியாக் கோக்கச் சொன்னதே நான்தான்." ஜனங்கள் அதையும் நம்பினார்கள். அடுத்த தேர்தலில் வட்டார மன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவிளக்குப் பொறுப்பையும் அவர் கையில் கொடுத்தார்கள். கெட்டதை விழுங்கிக் கைதட்டும் ஊருக்கு அவர் பொருத்தமான ஆள்தான்.

புதுத் தெருவிளக்குத் திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வெவென்சியா பலமாகக் கைதட்டினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"விளக்கு எரியுதுல்ல," என்றாள். "ஒயர் வேலையில அந்த ஆளைக் கிட்டவே சேர்க்கலன்னு தெரியுது. அதுக்குத்தான் தட்டுறேன்."