முதல் பிள்ளையா என்று கேட்டார்கள்

அண்ணி திருச்சிப் பக்கத்துப் பெண். அவருடைய தாத்தா காலத்தில் இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன குடும்பம். சொந்தம் விட்டுப்போகாமல் கடிதமும் பிறகு போனுமாக இருந்து, கடைசியில் என் அண்ணனுக்கே பெண் கொடுத்தார்கள். கல்யாணம் அங்கேதான் நடந்தது. விசா சரியானதும் அண்ணன் அவரை மஸ்கெலியாவுக்குக் கூட்டிவந்து எங்கள் லயத்து வீட்டில் விட்டுவிட்டு, கொழும்புக்குக் கடை வேலைக்குத் திரும்பினார். மாதம் ஒருமுறை வருவார். சில மாதங்களில் அண்ணி முழுகாமல் இருந்தார்.

யாரிடமும் கேட்காமல் அவர் தனியாக பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் ஊரில் அப்படித்தான், போய் வரிசையில் நின்றால் பார்ப்பார்கள். இங்கே முதலில் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பதிந்து, கர்ப்ப விவரம் எழுதும் கொப்பி தந்து, கிளினிக் நாள் சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியாது. சிங்களத்தில் என்னவோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்து வந்து, அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பானது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான், உயர்தரப் பரீட்சையும் எழுதினேன். நான் சிங்களம் பேசினால் லயத்துப் பெண் என்று போனில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்பாவின் சேமலாப நிதிப் படிவம், பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

நான் கூப்பிட்டதும் மிட்வைஃப் வந்து, அண்ணிக்கு இந்த நாட்டு அடையாள அட்டை இல்லாததால் கடவுச்சீட்டு எண்ணை எழுதிக்கொண்டு போனார். கிளினிக் நாளில் டொக்டர் கேள்விகளை வேகமாக அடுக்கினார். நான் அதே வேகத்தில் பதில் சொன்னேன். வயது, குடும்பத்தில் சீனி வியாதி உண்டா, இருதய வருத்தம் உண்டா. கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதியை மட்டும் அண்ணியிடம் கேட்டேன். முதல் பிள்ளையா என்றார். ஆமாம் என்றேன். கல்யாணமாகி ஒரு வருடம்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது? டொக்டர் கொப்பியில் எத்தனையாவது கர்ப்பம் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். இரத்தம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸி, நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தேன் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த கிளினிக்கில் அண்ணியின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றார்கள். முதல் பிள்ளை என்பதால் இப்போதைக்குப் பயமில்லை, பிறந்த பிறகு ஓர் ஊசி போட வேண்டும் என்றார் டொக்டர். திரும்பும்போது பஸ்ஸில் நான் அதை ஒரு டீச்சரைப் போல விளக்கினேன். பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதற்கு எதிராக ஒன்றை உண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். அது அடுத்த பிள்ளையைத்தான் தாக்கும்.

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"இது மொதப் புள்ள இல்லன்னா, பாப்பா?"

"இதுதானே அண்ணி மொதல்?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல். விசாவுக்குக் காத்திருந்தபோது திருச்சியில் ஒன்று மூன்றாம் மாதம் கலைந்துபோயிருந்தது. அண்ணனுக்குத் தெரியும். அம்மா ஏதாவது சொல்லுவார் என்று பயந்து இருவரும் மறைத்துவிட்டார்கள். அங்கே அப்போது ஊசி போட்டார்களா என்று கேட்டேன். ஏதோ போட்டார்கள், என்ன ஊசியென்று யார் சொன்னார்கள் என்றார். துண்டுச் சீட்டும் கையில் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"ஒன்னத்தான் கேட்டாங்க, நீ சொல்லிட்ட. அவங்க என்ன கேட்டாங்கன்னே எனக்குத் தெரியாதே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. மறுநாளே மிட்வைஃபைத் தேடிப் போனோம். நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று சிங்களத்தில் சொன்னபோது என் சிங்களம் தடுமாறியது. அவர் திட்டினார், பிறகு அவரே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டொக்டர் ஒன்றை வெட்டி இரண்டு என்று எழுதி, இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கண்டிக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அந்த நாட்களில் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கவனித்துவிட்டு என்னவென்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தானே சொன்னார், குனிந்தபடி, எதையும் விடாமல்.

அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் இறக்கியிருக்கவில்லை. "இத ஏன்டி மறைச்ச? தெரிஞ்சிருந்தா பீலியில தண்ணி தூக்க ஒன்ன விட்டிருப்பேனா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்சவளாச்சே. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா ஒனக்கு?"

மறுநாள் விடியுமுன் தண்ணீர்க் குடங்களை எடுத்துக்கொண்டு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு நான் போனேன். 

முடிவு வந்த அன்று டொக்டர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இரத்தத்தில் எதிர்ப்பு எதுவும் உண்டாகியிருக்கவில்லை, பிள்ளைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் இடையிடையே மறுபடி பார்க்க வேண்டும் என்றார். இதையெல்லாம் மறைக்கலாமா என்று அவர் கடிந்துகொண்டதையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி மேசைமேல் இருந்த கொப்பியைப் பார்த்தார். பிறகு, டொக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"கொப்பியில ரெண்டுன்னு எழுதுனாங்களே, அது போனதையும் சேத்துத்தானே?"

இது டொக்டரிடம் கேட்கிற கேள்வியா என்று நினைத்தேன். பதிலும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"ஓவ்" என்றார்.

அந்தச் சிங்கள ஆமாமை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி அதற்குள் தலையசைத்துவிட்டு, கொப்பியை வாங்கக் கை நீட்டியிருந்தார்.