வெர்டெலின் ஐந்தாம் அத்தியாயம்

சிகாகோவின் தென்பகுதிக் கறுப்பர் தெருக்களைப் பற்றி எழுத வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. வந்தவர்களெல்லாம் அப்பன் இல்லாத வீடுகளை எண்ணிக்கொண்டு போனார்கள். வெர்டெல் டிப்ஸ் அந்த ரகம் அல்ல. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து, சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பல்கலைக்கழகத்தில் கறுப்பு ஆசிரியை அவள் ஒருத்திதான். மதியச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். சனிக்கிழமை எப்போது வரும் என்று ஏங்குவாள்.

சனிக்கிழமையானால் பள்ளித்தோழி ஒஸெல்லாவின் முடி அலங்காரக் கடை. அடுப்பில் இரும்புச் சீப்பைச் சூடாக்கிச் சுருள் முடியை நேராக நீவியபடி ஒஸெல்லா ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். வெர்டெல் குறித்துக்கொள்வாள்.

"எழுதிக்கோடி வெர்டீ. எம் பேர மட்டும் மாத்திடு. அப்படியே என்னைக் கொஞ்சம் ஒல்லியாக்கிடு!"

கடையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும்போதுதான் வெர்டெலுக்கு உயிர் வரும்.

1962இல் புத்தகம் வெளிவந்தது. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்க்கும் பெண்களைப் பற்றியது ஐந்தாம் அத்தியாயம். அதில் ஒஸெல்லா 'டோரா' ஆனாள், தையற்காரி ஆனாள், ஒல்லியாகவும் ஆனாள். ஆனால் படித்த மேதை ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டாள். சீப்பில் சிக்கிய முடி பறவைக்குக் கிடைத்து, அதை வைத்து அது கூடு கட்டினால் முடிக்குரியவளுக்குத் தலைவலி வரும் என்று எங்கள் பெண்கள் பலரும் அதை எரிப்பதுண்டு. முடிக்காரியின் முழுப்பெயரைச் சொல்லிச் சொல்லி எரிப்பவள் ஒஸெல்லா ஒருத்திதான். புத்தகத்தில் டோராவும் அப்படியே எரித்தாள்.

ஒஸெல்லாவின் மகன் ஆல்டன் மூன்று மாதக் கைக்குழந்தையாக அவளிடம் வந்தவன். தெருவுக்கே தெரியும். பத்தொன்பது வருஷம் ஒருவரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. அவன் கல்லூரியில் அந்தப் புத்தகத்தைப் பாடமாக வைத்தார்கள். டோரா யாரென்று தெரிய அவனுக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. 'அன்புள்ள ஒஸெல்லா' என்று தொடங்கிய ஒரு கடிதம்தான் வந்தது.

வெர்டெல் பதறிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடுடி."

"திட்ட என்ன இருக்கு டாக்டரம்மா? ஒண்ணுகூடப் பொய்யில்லையே. உக்காருங்க, தலை வாரிவிடறேன்."

நாலு வருஷம், சனிக்கிழமைதோறும் அதே மரியாதை. தலை வாரி முடியும்வரை கடையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதைவிட அடித்திருக்கலாம். வெர்டெலுக்கு ஒரு பரிசும் பெரிய பதவியும் கிடைத்தன. அதைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை.

மறுபதிப்பு வந்தபோது ஐந்தாம் அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னாள். புத்தகத்தின் உயிரே அதுதான் என்று பதிப்பாளர் மன்றாடிப் பார்த்தார். அவள் மசியவில்லை. அவள் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்பது அவளுக்கும் தெரியும். அச்சு மை மணம் போகாத புத்தகத்தை ஒஸெல்லாவின் மடியில் வைத்தாள்.

"உன்னைப் பத்தின எல்லாத்தையும் எடுத்துட்டேண்டி. ஒரு வரிகூட இல்ல."

ஒஸெல்லா நிதானமாகப் புரட்டினாள். நான்காம் அத்தியாயம் முடிந்த அடுத்த பக்கத்திலேயே வேறொரு அத்தியாயம் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"நான் பெத்தவ இல்லன்னு அவனுக்குச் சொன்னதும் நீங்கதான். நான் அவனை எப்படி வளத்தேன்னு எழுதியிருந்ததும் இந்த ஒரு எடத்துலதான். அதையும் எடுத்துட்டீங்களே, டாக்டரம்மா."